பிடிப்பதும் சோதிப்பதும் ஒரே துறையா?



யூசுப் (அலை) அவர்களின் சகோதரர்கள், பொய் இரத்தம் தோய்த்த சட்டையைத் தந்தையிடம் நீட்டி, ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமலா விட்டது என்று யஃகூப் (அலை) அவர்கள் கேட்டதாக முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். குற்றம் செய்தவர்களே தடயத்தையும் கொண்டுவந்தார்கள்!

அது அன்றோடு முடிந்ததா? 2002ல் குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதலில் சுட்டுக் கொல்லப்பட்ட இருவரின் கால்சட்டைப் பையில் உருதுக் கடிதங்கள் கிடைத்ததாகப் போலீஸ் சொன்னது. உடையெல்லாம் இரத்தம், குண்டு துளைத்த ஓட்டைகள். கடிதங்களிலோ ஒரு சொட்டுக் கறை இல்லை! ஆனாலும் அது ஒரு முஃப்தியின் கையெழுத்தே என்றார் நிபுணர். அவர் உட்பட மூவருக்குத் தூக்கு! 16.5.2014 அன்று உச்சநீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. சிறையில் தொலைந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2020ல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடித்து நொறுக்கப்பட்டு, காவலில் இருந்தபோதே இறந்தார்கள். அந்த நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றாடம் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். தடயம் யார் கையில் என்பதே நீதியின் உயிர்நாடி!

தமிழகத்தின் தடய அறிவியல் துறை 1849ல் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் கூடத்தின் வாரிசு. அது காவல்துறையிலிருந்து தனித் துறைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே உள்துறையின் பிள்ளைகள்! 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. அரசு நிபுணரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாக ஏற்கவும் சட்டம் இடம் தருகிறது. இத்தனை அதிகாரம் கொடுத்தவர்கள், அதைக் கண்காணிக்கச் சுதந்திரமான அமைப்பை ஏன் ஏற்படுத்தவில்லை?

இங்கிலாந்து 2021ல் சட்டம் இயற்றி, தடய அறிவியல் ஒழுங்குமுறை அதிகாரிக்குச் சட்ட அதிகாரம் அளித்தது. நமக்கு மட்டும் ஏன் முடியாது?

ஆய்வகத்தில் உழைக்கும் விஞ்ஞானிகளை நாம் பழிக்கவில்லை. அவர்களை அதிகாரிகளின் நிழலிலிருந்து விடுவியுங்கள் என்கிறோம். ஆய்வகங்களை உள்துறையிலிருந்து பிரித்து, நீதிபதியும் விஞ்ஞானிகளும் அடங்கிய ஆணையத்திடம் கொடுங்கள்! மாதிரியில் ஒரு பகுதியை எதிர்த்தரப்பின் மறுபரிசோதனைக்குப் பாதுகாத்து வையுங்கள்! தவறுகளை ஆண்டுதோறும் மக்கள் முன் வையுங்கள்!

நம் குமணன்சாவடிக்கு அடுத்த பூந்தமல்லியில்தான் குண்டுவெடிப்பு வழக்குகளுக்கான தனி நீதிமன்றம் இருக்கிறது. குண்டுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும், பொய் வழக்கில் பறிகொடுத்த தாய்க்கும் வேண்டியது ஒன்றே: கலப்படமில்லாத உண்மை! சொந்தங்களுக்கு எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது இறைக்கட்டளை. எனவே ஜமாஅத்துகளே, தீர்மானம் போடுங்கள்! வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேளுங்கள்!