எத்தனை பேரில் எத்தனை பேர்?

தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு முடிவு வந்ததும் திண்டுக்கல்லில் வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேர்வு. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நல்ல திட்டம்தான், அதோடு நமக்குச் சண்டையில்லை. எந்த நடுநிலைப் பள்ளியில் எத்தனை பேர் என்று எண்ணி, கடைசியில் "காலனி ஸ்கூல்ல ஒண்ணுகூடத் தேறலையே" என்று முடிக்கிறார்கள் பாருங்கள், சண்டை அதோடுதான்.

கணக்கையாவது ஒழுங்காகப் போடலாமே! எட்டாம் வகுப்பில் 90 பேர் படிக்கும் பள்ளியில் 4 பேர் தேர்வாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 14 பேர் மட்டுமே படிக்கும் பள்ளியில் ஒருத்தி தேர்வாகிறாள். முதல் பள்ளியில் நூற்றுக்கு நான்கரைகூட இல்லை, இரண்டாவதில் நூற்றுக்கு ஏழு. பாராட்டு யாருக்குப் போகும்? நாலு பேர் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்த பள்ளிக்குத்தான்.

அந்தப் பதினான்கு பேர் யார் என்று யாரும் கேட்பதில்லை. விடியும் முன்னே நகரைக் கூட்டப் போய்விடும் தூய்மைப் பணியாளரின் மகள், தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவரின் மகன். காலையில் தம்பியைக் கிளப்பி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளை அது. மாலையில் டியூஷனுக்குப் போகிற பிள்ளையோடு அதை ஒரே பட்டியலில் நிறுத்திவிட்டு, 'தரம்' என்கிறார்கள். பேகம்பூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ கைக்கு வந்ததும் போனது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கிடைத்துவந்த சிறுபான்மையினர் உதவித்தொகையை 2022இல் ஒன்றிய அரசு நிறுத்திவிட்டது.

ஒப்பிடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சொன்னால், தோற்றவன் பேச்சு என்பார்கள். ஒப்பிடுங்கள், ஆனால் பிள்ளைகளை ஒப்பிடும் முன் அரசு கொடுத்ததை ஒப்பிடுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. கணிதம்-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் கட்டாயம். நூறு பேருக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர். ஆண்டுக்கு 220 நாள், 1,000 மணி நேரம் பாடம். கணக்கு வாத்தியார் இல்லாத வகுப்பில் கணக்கு வரவில்லை என்றால், தோற்றது பிள்ளையா, அரசா?

இதில் இன்னொரு கூத்து. மாநகராட்சிப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று ஒரே மாவட்டத்துக்குள் ஆளுக்கொரு நிர்வாகம். எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் அதையே பரிந்துரைத்தது. நம்மிலேயே இதை எதிர்ப்பவர்கள் உண்டு. நலத்துறைப் பள்ளியும் அதன் நிதியும் கரைந்துபோகும் என்ற அவர்களின் பயம் நியாயமானதே. நாம் இணைப்பை ஆதரிக்கிறோம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பள்ளியை மூடக்கூடாது, பணியிடத்தைக் குறைக்கக்கூடாது.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும்போது கோபப்பட்டு ஸ்டேட்டஸ் போடாதீர்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். நகரின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் ஆறு முதல் எட்டு வரை எத்தனை பிள்ளைகள்? அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி? எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர், அதில் திறன் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? பாடவாரியாகக் கேளுங்கள், மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக மழுப்புவார்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. பதில் வந்ததும் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நம் அம்மாக்கள்தான்.