சிவப்பு வலையும் அம்மாவின் கறிவேப்பிலையும்

தஞ்சோங் பகார் பக்கம் போனால் அந்தச் சிவப்புக் கட்டடம் கண்ணில் படாமல் போகாது. கண்ணாடி மாடிகளுக்கு நடுவே, உடம்பெங்கும் கொடி சுற்றிய ஒயேசியா ஹோட்டல். ஈப்போவிலிருந்து வந்த சித்தி அங்கே தங்கியிருந்தார். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

அண்ணாந்து பார்த்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “இத்தனைக்கும் தண்ணி யாருடி ஊத்துறா?”

2016இல் திறக்கப்பட்ட இந்த 27 மாடிக் கட்டடத்தை வடிவமைத்தது நம் ஊர் வோஹா நிறுவனம். நெருக்கடியான இடம். தோட்டம் படுக்க வழியில்லை, அதனால் எழுந்து நின்றுவிட்டது. அலுமினிய வலையில் 21 வகைக் கொடிகள். வெயில், நிழல், காற்று பார்த்து எது எங்கே தாக்குப்பிடிக்குமோ அதை அங்கே வைத்திருக்கிறார்கள். ஒரு வகை வாடினாலும் பக்கத்துக் கொடி படர்ந்து மூடிவிடும்.

எனக்குப் பிடித்தது கொடிகூட இல்லை. நடுநடுவே பக்கங்களைத் திறந்துவிட்ட பெரிய திண்ணைகள். நீச்சல் குளத்தருகே ஏசி கிடையாது, ஆனாலும் காற்று குறுக்கே ஓடியது. சித்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் ஒப்பனை” என்பான் என் தயாரிப்பாளர் நண்பன். பாதி சரி. இலை வெயிலை மறைக்கும், சுவர் சூடு குறையும். ஆனால் கான்கிரீட்டுக்கும் அலுமினியத்துக்கும் பூமி கொடுத்த விலையைக் கொடிகள் மட்டும் அடைத்துவிடாது. இருந்தாலும் வெறும் கண்ணாடிப் பெட்டியைவிட இது எவ்வளவோ மேல்.

திரும்பும் வழியில் அம்மா பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் வீவக வீட்டு வாசலில் வரிசையாக இருந்த தொட்டிகளை எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. தீ விபத்து என்றால் ஆட்கள் ஓட 1.2 மீட்டர் வழி வேண்டும். விதி நியாயமானதுதான். துளசி உள்ளே வந்தது. பத்து வருடக் கறிவேப்பிலை கீழ்த்தளத் தோட்டத்துக்குப் போனது. அந்த வாரம் அம்மா ரசம் வைக்கவே இல்லை.

“அவங்களுக்குச் சுவர் முழுக்க இடம்,” என்றார் ரயிலில், மெதுவாக.

வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பை எடுத்து நடைபாதையை அளந்தேன். 1.2 மீட்டர் போக ஒரு சாண் மிச்சம் இருந்தது. அம்மா அந்த ஒரு சாணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெலிசான தொட்டி கிடைக்குமா? வெத்தலைக் கொடிதான் மேல ஏறும். அந்த ஹோட்டல்ல இருக்கிற மாதிரி ஒரு வலை மட்டும் வாங்கிட்டு வா. ஆனா முதல்ல அவங்ககிட்ட கேட்டுரு.”

நாளைக்குப் போன் பண்ண வேண்டும்.