எந்த புரோகிராம் வெளியே போகலாம்? நாம் சொல்வோம்!



தலைப்பைப் பார்த்ததும் "ஆரம்பிச்சுட்டான்டா கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்கள் டேட்டா பேக் சம்பந்தப்பட்ட விஷயமும்தான்!

போன செமஸ்டரில் ஒரு நாள். என் ரூம்மேட்டுக்கு அப்ரண்டிஸ் விண்ணப்பம் போடக் கடைசி நாள். இரவு 12 மணியோடு சரி. தினம் ஒன்றரை ஜி.பி. தருகிற அவனுடைய போன் ஹாட்ஸ்பாட்டில்தான் நானும் ஒட்டிக்கொண்டிருந்தேன். (எனக்கு ரீசார்ஜ் முடிந்து நாலு நாள்!) என் பழைய லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ் மின்ட். நான் பாட்டுக்கு ரெக்கார்ட் நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். திறந்து வைத்து மறந்துபோன ஒரு கேம் லாஞ்சர், சத்தமே இல்லாமல் அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கிறது. பதினொன்றரைக்கு அவன் மார்க்‌ஷீட்டை அப்லோட் செய்யப் போனால்... சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அன்றைய கோட்டா காலி! வேகம் 64 கே.பி.பி.எஸ். "என்னடா பண்ண?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. அந்த விண்ணப்பம் போகவே இல்லை.

தப்பு யாருடையது? லாஞ்சர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மெஷின் என்னுடையது. அதில் எது வெளியே பேசலாம், எது வாயை மூடிக்கொண்டு இருக்கணும் என்று நான்தான் சொல்லி வைத்திருக்க வேண்டும், சொல்லவில்லை. டிப்ளமோ படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இதைக்கூடச் செய்யத் தெரியாமல் இருக்கலாமா?

"லினக்ஸ்தானே மச்சி, பயமில்லை" என்பார்கள். அப்படியா? 2012-ல் வந்த உபுண்டு 12.10-ல், நம் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபைலைத் தேட டாஷில் டைப் செய்த வார்த்தை கேனானிகல் கம்பெனியின் சர்வருக்குப் போய், அமேசான் பொருள்களோடு திரும்பி வந்தது. 2016-ல் 16.04 பதிப்பில்தான் அதைத் தானாக இயங்காதபடி அணைத்து வைத்தார்கள். 2021-ல் ஆடாசிட்டி புரோகிராமில் கூகுள், யாண்டெக்ஸ் மூலம் பயன்பாட்டு விவரம் சேகரிக்க ஒரு திட்டம் வந்தது; பயனாளர்கள் போட்ட கூச்சலில் கைவிட்டார்கள். எல்லாம் வெளிப்படையாக நடந்ததால்தான் கூச்சலாவது போட முடிந்தது. மூல நிரலையே காட்டாத புரோகிராம்களும் நம் லினக்ஸில் ஓடுகின்றனவே, அவற்றுக்கு யார் கூச்சல் போடுவது?

சரி, விஷயத்துக்கு வருவோம். லினக்ஸில் ஐபி-டேபிள்ஸ் என்றொரு காவல்காரன் உண்டு. 2001-ல் வந்த 2.4 கெர்னலிலிருந்து இருக்கிறான். ஆனால் 'இந்தப் பெயருள்ள புரோகிராமை விடாதே' என்று அவனிடம் சொல்ல முடியாது. முன்பு அந்த வசதி இருந்தது. ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று 2005-ல் 2.6.14 கெர்னலோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பாக்கெட்டை அனுப்புகிறவர் எந்த யூசர், எந்த குரூப் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் நான் செய்தது இது: 'நோ-நெட்' என்று ஒரு குரூப். அதில் நானும் ஒரு உறுப்பினர். அந்த குரூப்பிலிருந்து வெளியேறும் பாக்கெட்டைத் தடுக்க ஒரு விதி. லாஞ்சரை மட்டும் 'எஸ்ஜி' கட்டளையால் அந்த குரூப்பின் பெயரில் ஓட்டுவது. அவ்வளவுதான்!

அவ்வளவுதானா? முதலில் 'டிராப்' என்று போட்டேன். பதில் வரும் பதில் வரும் என்று லாஞ்சர் காத்துக்கொண்டே நின்றது. 'ரிஜெக்ட்' என்று மாற்றியதும் உடனே "நெட் இல்லை" என்று ஒத்துக்கொண்டு ஆஃப்லைனில் திறந்தது. மறுநாள் ரீபூட் செய்தால் விதியையே காணோம்! சேமித்து வைக்க வேண்டுமாம். சேமித்தேன். அதற்கும் அப்புறம் ஒரு நாள் பார்த்தால் அப்டேட் ஜோராக இறங்குகிறது! எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மூன்று ராத்திரி யோசித்த பிறகுதான் புரிந்தது: ஐபி-டேபிள்ஸ் பார்ப்பது ஐ.பி. 4-வது பதிப்பை மட்டும். செல்போன் ஹாட்ஸ்பாட் 6-வது பதிப்பும் தருகிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்திருக்கிறேன்! ஐபி-6-டேபிள்ஸிலும் அதே விதியைப் போட்ட பிறகுதான் அடங்கியது.

இது திருடனுக்குப் போடுகிற பூட்டு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏமாற்ற நினைக்கும் புரோகிராம், குரூப்பை மாற்றிக்கொண்டு நழுவலாம். ஏற்கனவே திறந்திருக்கும் பயர்பாக்ஸிடம் வேலையைக் கொடுத்துவிடலாம். அந்த மாதிரி ஆளை 'அன்ஷேர்' கட்டளையால், நெட்வொர்க்கே இல்லாத தனி அறையில் அடைப்பது மேல். 'ஓபன்ஸ்னிச்' போட்டால், வெளியே போகிற ஒவ்வொரு புரோகிராமையும் காட்டி "விடலாமா?" என்று கேட்கும். நல்ல சாமான்தான், ஆனால் ஒரு வாரம் போனால் படிக்காமலே "சரி, சரி" என்று அமுக்க ஆரம்பித்துவிடுவோம். நான் அமுக்கினேன்.

"இவ்வளவு எதுக்குடா, வைஃபையை ஆஃப் பண்ணு, இல்லேன்னா கேமை அழி" என்கிறான் பக்கத்து ரூம் நண்பன். ஆஃப் செய்தால் என் வேலையும் நிற்கும். அழித்தால் நான் விளையாடுவது எப்படி? ஒரு வாய் அதிகம் பேசுகிறது என்பதற்காக வீட்டையே காலி செய்யச் சொல்கிறானே!

ரூம்மேட்டிடம் இதையெல்லாம் விளக்கி, அவன் லேப்டாப்பிலும் போட்டுத் தருகிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டான். போனை எடுத்து என்னிடம் காட்டினான். ஹாட்ஸ்பாட்டில் தடுக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. என் லேப்டாப்!