திரையும் வகுப்பறையும் கடலும்

கற்கும் முறை காலந்தோறும் மாறி வருகின்றது. ஓலைச்சுவடி அச்சு நூலாயிற்று. அச்சு நூல் இன்று கைபேசித் திரையில் ஏறியுள்ளது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று கல்லூரிக் கதவுகளை அடைத்தபோது இணையவழிக் கல்வியே நமக்குக் கைகொடுத்தது. அது முதல், எதனையும் வீட்டிலிருந்தே கற்றுவிடலாம் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியிருக்கின்றது. இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும்? நம் புதுச்சேரிக் கடலில் கற்பிக்கப்படும் ஒரு கலையைக் கொண்டு இதனை ஆராயலாம்.

முதுகில் காற்றுக்கலம் சுமந்து கடலடியில் நீந்தும் கலையை 'ஸ்கூபா' என்பர். 1966இல் அமெரிக்காவில் தோன்றிய 'பாடி' என்னும் அமைப்பு உலகெங்கும் இதற்குச் சான்றிதழ் வழங்குகின்றது. அதன் படிநிலைகளுள் ஒன்று, ஆபத்தில் சிக்கியவரை மீட்கும் பயிற்சி. இதன் அறிவுப் பகுதியை இணையத்திலும் கற்கலாம், வகுப்பறையிலும் கற்கலாம். இவ்விரண்டனுள் எது சிறந்தது என்பதே இன்றைய வழக்கு.

இணையத்தின் சிறப்பை மறுப்பது நேர்மையாகாது. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகின்றது. அங்கே நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியவாறு மேலெழுந்தால், அக்காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிட அசையும் படமாகத் திரையில் காட்டினால் தெளிவாக விளங்கும். புரியாத பகுதியை மாணவர் பத்து முறையும் திருப்பிப் பார்க்கலாம்.

ஆயினும் திரைக்குக் கண் இல்லை. விடையைச் சரியாகக் குறித்துவிட்டு உள்ளூர அஞ்சும் மாணவனின் முகத்தை அது அறியாது. ஆசிரியர் அறிவார், "எங்கே, நீ சொல், பார்க்கலாம்" என்று கேட்பார். வகுப்பறையின் பெருமை அந்த ஒரு கேள்வியில் இருக்கின்றது.

அத்துடன் வழக்கு முடிந்துவிடுமா? முடியாது. திரையும் வகுப்பறையும் கரையில் உள்ளவை. உயிர் போவதோ நீரில். மூச்சுக்குத் தவிப்பவன் தன்னை நெருங்குபவர் மீதே ஏறி மிதக்க முயல்வான். காப்பாற்றச் சென்றவரும் உடன் மூழ்கினார் என்னும் செய்தியை நாளேடுகளில் எத்தனை முறை படித்திருக்கின்றோம்! அத்தகையவனைப் பின்புறமாக அணுகுதல், அவனது மிதவைச் சட்டையில் காற்றேற்றுதல், அவன் பற்றிக்கொண்டால் நீருக்குள் அமிழ்ந்து விடுபடுதல் ஆகியவற்றை உடல்தான் கற்க வேண்டும். 'நில், மூச்சு விடு, எண்ணு, செயல்படு' என்பது மூழ்குநர்க்குரிய பாடம். நாற்காலியில் அமர்ந்து அதனை ஒப்பிப்பது எளிது. அலையில் அது நினைவுக்கு வர, ஆசிரியர் அருகிருக்கப் பலமுறை பழகியிருத்தல் வேண்டும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தோர், கீழக்கரை முஸ்லிம்கள் உட்பட, காற்றுக்கலம் இன்றியே மூழ்கினர். கல்லின் பாரம் கீழே இறக்க, தோணியில் நிற்பவர் கயிற்றை இழுத்து மேலே ஏற்றினார். கயிறு பிடிக்கும் பொறுப்பை மைத்துனரிடமே ஒப்படைப்பர் என்று சொல்வதுண்டு. தங்கையின் வாழ்வு கருதியாவது அவர் கண்ணயர மாட்டார் அன்றோ! கயிற்றின் ஓர் அசைவைக் கொண்டு கீழே உள்ளவரின் நிலையை உணரும் அந்தக் கை, தோணியிலேயே பழகிய கை.

எனவே, கோட்பாட்டை இணையத்தில் கற்கட்டும். ஆசிரியர் நேரில் வினவித் தெளிவுபடுத்தட்டும். கடலில் மீட்டுக் காட்டிய பின்னரே சான்றிதழ் கிடைக்கட்டும். இம்மூன்றில் எதனைக் குறைத்தாலும் அதன் விலை ஓர் உயிர் என்பது என் துணிபு.

தமிழ்த்துறைக்கும் இதில் ஒரு கடமை உண்டு. இப்பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் கடலோடு பிறந்து வளர்ந்த இளைஞர்கள் நீருக்கு அஞ்சாதவர்கள். கரையில் ஒருவர் மூழ்கினால் முதலில் பாய்வோரும் அவர்களே. மீட்புப் பயிற்சிக்கு அவர்களைவிடத் தகுதியுடையோர் யார்? ஆயினும் மொழி என்னும் சுவர் அவர்களைத் தடுக்கின்றது. பாடத்தைத் திரையில் ஏற்றினாலும் பலகையில் எழுதினாலும், புரியாத மொழியில் இருந்தால் இரண்டும் ஒன்றே. அழுத்தம், மிதப்பு, முதலுதவி ஆகியவற்றை எளிய தமிழில் எழுதித் தரும் பணியை நம் மாணவர்கள் மேற்கொள்ளலாம். கலைச்சொல்லைக் குப்பத்து மீனவரிடமே கேட்டுப் பெறலாம். அவர்களிடம் இல்லாத கடற்சொல் அகராதியில் இருப்பது அரிது.

சான்றோர்களே, மாணவச் செல்வங்களே! சாரத்திலிருந்து கடற்கரை நெடுந்தொலைவில் இல்லை. கல்வியின் சாரமும் அவ்வாறே. கற்றது பிறர் உயிருக்கு உதவும் இடம் வரை நடந்து சென்றால் போதும்.