ஆர்மோனியத்துக்கே தடை போட்டவர்கள் நாம்

பாட்டு செத்துவிட்டது என்று சென்ற இதழில் நான்கு பக்கத்துக்கு ஒப்பாரி வைத்திருக்கிறார் ஓர் அன்பர். ஒப்பாரியிலாவது செத்தது யார் என்று தெரிந்துவிடும். இவர் கட்டுரையில் கடைசி வரி வரை அது தெரியவில்லை.

மேற்கத்தியத் தாளம் நம் காதைக் கெடுத்தது, ஆங்கிலச் சொல் தமிழைக் கெடுத்தது, கணினி இசையைக் கெடுத்தது என்கிறார். ஆகவே அறிஞர் குழு ஒன்று அமைத்து, அது தேறும் என்று சொல்லும் பாட்டை மட்டும் வானொலியில் விட வேண்டுமாம். "அந்தக் கால வானொலி போல" என்று பெருமூச்சு வேறு. மற்றதெல்லாம் புலம்பல், இது ஒன்றுதான் கோரிக்கை. எனவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, அந்தக் குழுவை நாம் ஏற்கெனவே போட்டுப் பார்த்தாயிற்று. 1952இல் மத்தியில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறியவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைப் பாழடிக்கிறது என்பது அவர் முடிவு. நீங்கள் இன்று எழுதியிருப்பதை அவர் எழுபது ஆண்டுக்கு முன்பே, அதுவும் கையில் அதிகாரத்தோடு சொன்னார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரத்தை வெட்டினார்கள். படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று பாடகர் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். படத் தயாரிப்பாளர்கள் முறைத்துக்கொண்டார்கள். சினிமாப் பாட்டு அரசு வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போனது.

மக்கள் ரசனை உயர்ந்து வீதிக்கு வீதி ஆலாபனை கேட்டதா? அவர்கள் ரேடியோ முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். வடக்கே இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலாவுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தார்கள். இங்கே தமிழ்ச் சேவை. மயில்வாகனன் குரல் தெரியாதவர் அந்தத் தலைமுறையில் உண்டா? பிறகு கே.எஸ். ராஜா வந்தார், பி.எச். அப்துல் ஹமீது வந்தார். எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் சொந்த நாட்டு நிலையத்தைவிடக் கடல் தாண்டி வந்த குரல்தான் தெளிவாகக் கேட்கும். என் சித்தப்பா மர்ஃபி ரேடியோவின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, ஏரியல் கம்பியை வேப்பமரத்தில் இழுத்துக் கட்டிக் கேட்டதெல்லாம் அந்த அறிஞர் குழுவின் உபயம்தான். கடைசியில் அரசாங்கமே இறங்கிவந்து 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்கியது. எதற்கு? போன நேயர்களைத் திரும்ப அழைக்க. ஐந்தே ஆண்டில் உங்கள் யோசனையின் ஆயுள் முடிந்தது.

இன்னொன்றைக் கவனியுங்கள். 1952இல்தான் 'பணம்' படத்தில் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ஜோடி சேர்ந்தார்கள். எந்தக் காலத்தைப் பொற்காலம் என்று உருகுகிறீர்களோ, அந்தக் காலத்துப் பாட்டுகள்தான் அன்றைய டெல்லியின் பார்வையில் குப்பை. அன்று உங்கள் குழு ஜெயித்திருந்தால் இன்று நீங்கள் உருகுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆர்மோனியக் கதையும் உண்டு. கமகம் பேசாது, சுருதி நம்முடையதல்ல, வெள்ளைக்காரப் பெட்டி என்று சொல்லி 1940இல் அதை வானொலி நிலையத்துக்குள் வரவிடாமல் நிறுத்தினார்கள். தடை முப்பது ஆண்டுக்கு நீடித்தது. அந்த முப்பது ஆண்டில் எம்.எஸ். விஸ்வநாதன் எதை மடியருகே வைத்துக்கொண்டு மெட்டுப் போட்டார் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெட்டியைத்தான். நீங்கள் "மண்ணின் இசை" என்று எழுதியிருப்பதில் பாதி, அரசு வானொலி வாசலில் நிறுத்திவைத்த கருவியிலிருந்து வந்தது.

மேற்கத்தியக் கலப்பு பற்றிய பத்தியைப் படித்தபோது எனக்கு முத்துசுவாமி தீட்சிதர்தான் நினைவுக்கு வந்தார். வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதியவர் அவர். நோட்டுஸ்வரம் என்பார்கள். அவற்றில் ஒன்று சாட்சாத் பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி, வெள்ளைக்காரனிடம் பிடில் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். இருவரையும் குழுவின் முன் நிறுத்தலாமா?

அடுத்து ஆங்கிலக் கலப்பு. 2011 நவம்பரில் கொலவெறிப் பாட்டு வந்த நாளைத் தமிழின் நினைவு நாளாகவே அறிவித்துவிட்டார். அந்தப் பாட்டு ஒரு கேலி என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. காதலில் அடிபட்ட பையன் ஒருவன் உளறுகிறான். வல்லினம் மெல்லினம் பாராமல் ஆங்கிலச் சொல்லின் வாலிலெல்லாம் தமிழ் உகரத்தை ஒட்டிவிடுகிறான். தமிழ் நாக்கில் ஆங்கிலம் படும் பாடுதான் அங்கே நகைச்சுவை. அடிவாங்கியது ஆங்கிலம், நீங்கள் ஏன் ஐயா தமிழுக்கு மருந்து போடுகிறீர்கள்?

சரி, தூய்மையான காலம் எது? 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் பாகவதர் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள், வடசொல் தெறிக்கும். வடமொழி கலந்தால் கம்பீரம், ஆங்கிலம் கலந்தால் கலப்படம் என்பது இலக்கணமா, பழக்கமா? எனக்கும் பாகவதர் பிடிக்கும். அதற்காக அவர் பாடியதைத் தனித்தமிழ் என்று சாதிக்க மாட்டேன்.

இன்றைக்கு மோசமான பாட்டே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. வண்டி வண்டியாக வருகிறது. அன்றும் அப்படித்தான் வந்தது. அவற்றைப் பாட இன்று ஆளில்லை, அவ்வளவுதான்.

கணினி பற்றி எழுதிய இடத்தில் மட்டும் அவர் தெரியாத்தனமாக ஒரு நிஜமான விஷயத்தின் மேல் கால்வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தும்விட்டார். 'செத்தவர்களைப் பாடவைக்கும் பேய்க் கருவி' என்று ஒரே வரி. 2024இல் 'லால் சலாம்' படப் பாட்டு ஒன்றில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய மறைந்த பாடகர்களின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பாடவைத்தார் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றேன், பணமும் கொடுத்தேன் என்று அவரே சொன்னார். ஏறத்தாழ அதே சமயம், எஸ்.பி.பாலசுப்ரமணியம் குரலை 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் கேட்காமலே உருவாக்கிக்கொண்டார்கள் என்று அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். கருவி ஒன்றுதான், ஒரு வீட்டில் கேட்டார்கள், இன்னொரு வீட்டில் கேட்கவில்லை என்பது புகார். செத்தவரின் குரல் யாருக்குச் சொந்தம், சம்மதம் சொல்ல உரிமை மகனுக்கா, மனைவிக்கா, பாட்டை வாங்கிய கம்பெனிக்கா? உயிரோடிருக்கும் ஒரு சாதாரணக் கோரஸ் பாடகரின் குரலை எடுத்துக்கொண்டால் அவர் யாரிடம் போய் நிற்பார்?

நான்கு பக்கத்தில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தால் நான் எதிர்வினை எழுதியிருக்க மாட்டேன். நன்றிக் கடிதம் எழுதியிருப்பேன். அடுத்த இதழில் அதை எழுதுங்கள், அன்பரே. பாடகர்களிடம் கேட்டு எழுதுங்கள். குழுவை மட்டும் விட்டுவிடுங்கள்.