மின்னாளுகை ஆய்வும் தமிழ்த்துறைகளின் பங்கும்: ஜேன் ஃபவுண்டனின் ஆய்வுப் பணியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அரசின் பணிகள் கணினிவழியாகவும் செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டும் நடைபெறும் இக்காலத்தில், அவற்றை ஆராய்வது கணிப்பொறியியலார்க்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேன் ஃபவுண்டனின் ஆய்வுப் பணி இவ்வெண்ணத்திற்கு மறுப்பாக அமைகிறது. நிறுவனத்தையும் அதன் மொழியையும் கற்றவர்க்கு இத்துறையில் தவிர்க்க இயலாத இடம் உண்டு என்பதும், தமிழ்த்துறைகள் மின்னாளுகையைத் தம் ஆய்வுப் பரப்பினுள் கொண்டுவர வேண்டும் என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மின்னாளுகை, செயற்கை நுண்ணறிவு, இயற்றல், பொறுப்புக்கூறல், ஆட்சித்தமிழ், கணினித்தமிழ்

முன்னுரை

தமிழ்த்துறைகள் கணினியைப் புறக்கணித்தன என்று எவரும் குறைகூற இயலாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டிற்கும் பொதுத்தரம் காண முயன்றது. அதன் பின்னர்க் கணினித்தமிழ் பாடமாயிற்று; ஆய்வேடுகளின் பொருளாயிற்று. சொல்லாளர், பிழைதிருத்தி, எழுத்துணரி, இயந்திர மொழிபெயர்ப்பு, சொற்றொகை முதலியவை பற்றி இன்று கணிசமான ஆய்வுகள் உள்ளன.

எனினும் இவ்வாய்வுகள் பெரும்பாலும் கருவியை ஆக்குவது பற்றியவை. ஆக்கப்பட்ட கருவியைக் கொண்டு அரசு ஒரு குடிமகனைப் பற்றி முடிவெடுக்கும்போது என்ன நிகழ்கிறது என்னும் வினா அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஓய்வூதியத்திற்கு ஒருவர் தகுதியுடையவரா, உதவித்தொகை கோரும் ஒரு குடும்பம் வறிய குடும்பமா என்பன போன்ற முடிவுகளில் கணினியின் பங்கு பெருகி வருகிறது. தகுதி, குடும்பம், வறுமை என்பன சொற்கள். சொல்லின் பொருளை வரையறுப்பது மொழியறிஞர்க்கு அயலான பணியன்று. இவ்விடத்தில்தான் ஃபவுண்டனின் ஆய்வுப் பணி தமிழாய்வாளர்க்கும் பயன்படுவதாகிறது.

ஃபவுண்டனின் ஆய்வுப் பணி

ஃபவுண்டன் கணிப்பொறியியல் பயின்று இத்துறைக்கு வந்தவர் அல்லர். யேல் பல்கலைக்கழகத்தில் நிறுவன நடத்தையியலிலும் அரசியல் அறிவியலிலும் முனைவர் பட்டம் பெற்றவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி ஆட்சியியல் பள்ளியில் பணியாற்றினார். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவுடன் மின்னரசுக்கான தேசிய ஆய்வு மையத்தை நிறுவினார். பின்னர் அம்ஹெர்ஸ்டிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பணியைத் தொடர்ந்தார்.

2001ஆம் ஆண்டு வெளிவந்த ‘பில்டிங் தி வர்ச்சுவல் ஸ்டேட்’ என்னும் நூல் அவருக்கு நிலையான பெயரைத் தந்தது. அக்காலத்தில் இணையம் அரசைத் தானாகவே மாற்றிவிடும் என்னும் நம்பிக்கை ஓங்கியிருந்தது. துறைகளுக்கிடையேயான சுவர்கள் சரியும், தாமதம் ஒழியும், செலவு குறையும் என்று பேசப்பட்டது. ஃபவுண்டன் அந்நம்பிக்கையைக் களத்தில் வைத்துச் சோதித்தார். ஏற்றுமதி இறக்குமதித் தரவுகளை ஒரே அமைப்பில் இணைக்க முயன்ற திட்டம், வணிகர்களுக்கான அரசு இணையவாயில், படைப்பிரிவு ஒன்றின் கட்டளைத் தகவல் அமைப்பு ஆகியவற்றை அவர் நுணுகி ஆராய்ந்தார். துறையின் பழக்கம், அதிகார எல்லை, நிதி ஒதுக்கீட்டு முறை, ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கை அல்லது ஐயம் ஆகியவையே தொழில்நுட்பத்தின் போக்கை உருவாக்கின என்பது அவர் கண்ட முடிவு. பிற துறையோடு ஒத்துழைத்துச் செலவைக் குறைத்தால் தன் நிதி ஒதுக்கீடே குறையுமென்னும் நிலையில், ஒத்துழைக்காதிருப்பதே ஒரு துறைக்கு ஆதாயமாகிவிடுகிறது. கணினி எத்துணை விரைவானதாயினும் இம்முடிச்சை அதனால் அவிழ்க்க இயலாது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2022இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இதே பார்வையைச் செயற்கை நுண்ணறிவின்மீது அவர் செலுத்தினார். நிலவில் மனிதனை இறக்க முடிந்த நாட்டினால் நகர்ப்புறச் சேரிகளின் சிக்கலைத் தீர்க்க முடியாமற் போனது ஏன் என்று 1977இல் பொருளியலறிஞர் ரிச்சர்ட் நெல்சன் எழுப்பிய வினாவை அக்கட்டுரையின் தலைப்பு நினைவூட்டுகிறது. சமூகத்தில் வேரூன்றிய இனப்பாகுபாடு கணிப்பு நெறிமுறைகளுக்குள் புகுவதையும், அதனைக் குறைப்பதில் நிறுவனங்களுக்கு உள்ள பொறுப்பையும் அக்கட்டுரை ஆராய்கிறது. கருவி மாறியபோதும் அவருடைய வினா மாறவில்லை. ஓர் ஆய்வு வாழ்வின் வலிமை இத்தகைய தொடர்ச்சியில் உள்ளது.

‘இயற்றல்’ என்னும் கருத்தாக்கம்

ஃபவுண்டனின் கோட்பாடு தொழில்நுட்பத்தை இரு நிலைகளாகப் பகுக்கிறது. வன்பொருள், மென்பொருள், வலையமைப்பு எனப் புறத்தே உள்ளது ஒன்று. அதனை மாந்தர் தம் நிறுவனச் சூழலுக்குள் புரிந்துகொண்டு, வடிவமைத்து, பயன்படுத்தும்போது உருவாவது மற்றொன்று. ஒரே மென்பொருள் இரண்டு அலுவலகங்களில் இரண்டு வேறு தொழில்நுட்பங்களாகிவிடுவது இதனால்தான்.

இரண்டாம் நிலையைக் குறிக்க அவர் ஆளும் ஆங்கிலச் சொல் சட்டமியற்றுதல், மேடையில் நிகழ்த்துதல் ஆகிய இரு பொருளையும் தருவது. தமிழில் இதனை ‘நடைமுறைப்படுத்தல்’ எனப் பெயர்த்தால், முன்பே முடிவான ஒன்றைச் செயலுக்குக் கொண்டுவருதல் என்னும் பொருளே எஞ்சும். ஆக்கம் என்னும் கூறு மறைந்துவிடும். ‘இயற்றல்’ என்னும் சொல் இவ்விடத்திற்குப் பொருந்தும். சட்டமும் இயற்றப்படுகிறது, செய்யுளும் இயற்றப்படுகிறது. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசுக்குரிய வல்லமைகளுள் முதலாவதாக வைப்பதும் இயற்றலையே. அங்கு அது பொருள் வரும் வழிகளை உண்டாக்குதலைக் குறித்தாலும், ஆட்சியை ஆக்கச்செயலாகக் காணும் நோக்கு அச்சொல்லில் உறைந்துள்ளது. ‘இயற்றப்பட்ட தொழில்நுட்பம்’ என்னும்போது இயற்றியவர் யார் என்னும் வினா உடன் எழுகிறது. மின்னாளுகைக்கு மிகவும் தேவையான வினா அது.

தமிழ் எழுத்துக் குறியீட்டின் வரலாற்றையே இக்கோட்பாட்டிற்குச் சான்றாகக் காட்டலாம். 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் வெவ்வேறு குறியீடுகளும் எழுத்துருக்களும் அலுவலகங்களில் புழங்கின. ஒரே கணினியும் ஒரே மொழியும் இருந்தும், குழுக்களின் முடிவும் அச்சகங்களின் பழக்கமும் அரசாணைகளுமே தமிழ் ஆவணத்தின் வடிவத்தைத் தீர்மானித்தன. இவ்வரலாற்றைத் தொழில்நுட்ப வரலாறாக மட்டும் எழுதாமல் நிறுவன வரலாறாகவும் எழுத வேண்டியுள்ளது.

கணக்கின் பிழையும் நிறுவனத்தின் பிழையும்

அரசு கணினியிடம் முடிவை ஒப்படைத்ததால் விளைந்த தீங்குகளுள் ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெட்’ திட்டம் பரவலாக அறியப்பட்டது. நலத்தொகை பெற்றோரின் ஆண்டு வருமானத்தை இருவார அளவுகளாகச் சமமாகப் பகுத்து, அச்சராசரியைக் கொண்டு அவர்கள் மிகையாகத் தொகை பெற்றதாகக் கணக்கிட்டுக் கடன் அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. ஆண்டின் சில திங்களில் மட்டும் வேலை கிடைத்தவர்க்கு இச்சராசரி முற்றிலும் பொருந்தாது. எனினும் கடன் இல்லை என மெய்ப்பிக்கும் சுமை அறிவிப்பைப் பெற்றவர்மீதே விழுந்தது. இத்திட்டத்தை ஆராய்ந்த அரச ஆணையம் 2023 சூலையில் அளித்த அறிக்கை கடுமையான கண்டனமாக அமைந்தது.

நெதர்லாந்தின் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தில், விண்ணப்பதாரர் அந்நாட்டுக் குடியுரிமை உடையவரா என்பது இடர்மதிப்பீட்டுக் கூறுகளுள் ஒன்றாக இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாக மோசடிக் குற்றத்திற்கு உள்ளாயின. அதன் விளைவாக 2021 சனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது.

ஆஸ்திரேலியாவில் பயன்பட்டது பள்ளி மாணவரும் செய்யத்தக்க வகுத்தற்கணக்கு. தீங்கை விளைத்தது அக்கணக்கைச் சான்றாக ஏற்றுக்கொண்ட நிறுவனத்தின் தீர்மானம். நெதர்லாந்திலும் குடியுரிமையை இடர்க்குறியாக எண்ணியவர் மாந்தரே. இயந்திரம் அவ்வெண்ணத்தை விரைவாகவும் பரவலாகவும் செயற்படுத்தியது. செயற்கை நுண்ணறிவின் ஆளுகை பற்றிய ஆய்வு, நெறிமுறையின் துல்லியத்தை அளப்பதோடு நின்றுவிடலாகாது என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

தரவுப்புலமும் தமிழ்வழக்கும்

தமிழ்ச்சூழலில் இத்தகைய முன்தீர்மானம் புகும் வாயில்களுள் ஒன்று பெயர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு ஒற்றைப்பெயர் வழங்கும் மரபில், முதற்பெயர் குடும்பப்பெயர் என்னும் பகுப்பு இல்லை. அப்பகுப்பைக் கட்டாயமாக்கும் படிவத்தில் ஓரிடத்தில் தந்தை பெயரும், ஓரிடத்தில் தலைப்பெழுத்தும், வேறோரிடத்தில் இயற்பெயரே இருமுறையும் எழுதப்படுகின்றன. ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் உரோமன் வரிவடிவில் பெயர்க்கின்றனர். மணமான பெண்ணின் தலைப்பெழுத்து சில ஆவணங்களில் தந்தையையும் சிலவற்றில் கணவரையும் குறிக்கிறது. பெயரொப்பீட்டு மென்பொருள் இவற்றைப் பிழை எனக் கொள்ளுமாயின், மரபு வழுவாதவரே ஐயத்திற்கு உரியவராகிவிடுவார். பெயராய்வில் நெடிய அனுபவமுடைய தமிழ்த்துறைகள் இதனைக் கூறாவிடின் வேறெவர் கூறுவர்?

மற்றொரு வாயில் கலைச்சொல். தன் செயலுக்கு விளக்கம் தந்து விடைகூறக் கடமைப்பட்டிருத்தலும், ஒரு பணியை ஏற்றிருத்தலும் வெவ்வேறானவை. தமிழ்நாட்டு ஆவணத் தமிழில் இரண்டும் ‘பொறுப்பு’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதுண்டு. இலங்கைத் தமிழ்ப் பொதுவழக்கில் முதலாவதற்குப் ‘பொறுப்புக்கூறல்’ என்னும் சொல் ஊன்றிவிட்டது. வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. ஓர் அலுவலர் கணினியின் முடிவுக்குப் ‘பொறுப்பானவர்’ என்பதற்கும், அம்முடிவுக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்பதற்கும் இடையே பாதிக்கப்பட்டவரின் உரிமை அடங்கியுள்ளது.

சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு சேகரிப்போர் வழங்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழியிலோ பெறும் வாய்ப்பை மக்களுக்கு அளிக்கிறது. தமிழில் அறிவிப்பு இருத்தல் ஒரு படி. அத்தமிழ் விளங்குதல் அடுத்த படி. விளங்காத தமிழில் பெறப்பட்ட இசைவு இசைவாகுமா என்பது மொழியாய்வும் சட்டமும் இணைந்து விடைகாண வேண்டிய வினா. தமிழ்நாட்டு அரசு 2020இலேயே பாதுகாப்பும் அறமும் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. அத்தகைய கொள்கைகள் முன்வைக்கும் வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல், நேர்மை ஆகியவை ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் எப்பொருளில் இயற்றப்படுகின்றன என்று காண்பதற்குக் களஆய்வு தேவை.

எழக்கூடிய மறுப்புகள்

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். தொழில்நுட்பம் அறியாதவர் இத்துறையில் என்ன செய்ய இயலும் என்பது முதலாவது. ஃபவுண்டனின் பணியே இதற்கு விடை. எனினும் அவ்விடையை மிகைப்படுத்தலாகாது. அவர் தாம் ஆராய்ந்த அமைப்புகள் இயங்கும் முறையை அறிந்தே எழுதினார். நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. நிரல் எதனை உள்ளீடாகக் கொள்கிறது, எதனை விட்டுவிடுகிறது என வினவத் தெரிதல் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. இலக்கணமும் இலக்கியமும் சுவடியியலும் கல்வெட்டியலும் ஆழ்ந்த பயிற்சியைக் கோருபவை. வேலைவாய்ப்பை நாடிப் புதுத்துறைகளின் பின் சென்றால் இருப்பதும் நெகிழ்ந்துவிடும் என்பது அது. இவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் மின்னாளுகை ஆய்வுக்குத் தமிழ்த்துறை தரக்கூடியது அவ்வாழ்ந்த பயிற்சியையே. கல்வெட்டில் ஒரு வரிச்சொல்லின் பொருளை இடம், காலம், வழங்கிய அதிகாரம் ஆகியவற்றோடு வைத்துக் காணும் முறை, இன்றைய இணையப் படிவத்தின் தகுதிச்சொல்லைக் காண்பதற்கும் பொருந்தும். அரசு தன் குடிகளை எச்சொற்களால் எண்ணியது என்பது இரண்டிற்கும் பொதுவான வினா.

செய்யத்தக்கவை

மூன்று பணிகளை உடன் தொடங்கலாம். முதலாவதாக, அரசின் இணையச் சேவைகளிலுள்ள தமிழ்ப் படிவங்கள், அறிவிப்புகள், மறுப்பாணைகள் ஆகியவற்றைச் சொற்றொகையாகத் திரட்டி, அவற்றின் மாற்றங்களை ஆண்டுதோறும் பதிவு செய்தல் வேண்டும். இணையப் பக்கம் மாற்றப்பட்டால் பழைய சொல் தடமின்றி அழிந்துவிடும். இரண்டாவதாக, அரசியல், சட்டம், கணிப்பொறியியல் துறைகளோடு இணைந்த முனைவர் பட்ட நெறிகாட்டலுக்குப் பல்கலைக்கழகங்கள் வழிசெய்தல் வேண்டும். இருதுறை வல்லுநரும் மதிப்பிடும் ஆய்வேட்டை எத்துறையினதும் அன்று எனத் தள்ளும் வழக்கம் ஒழிதல் வேண்டும். மூன்றாவதாக, செயற்கை நுண்ணறிவின் ஆளுகைக்குரிய கலைச்சொற்களைத் தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் ஆகியவற்றின் ஆட்சிவழக்கோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு சொல்லும் சுட்டும் உரிமையையும் கடமையையும் விளக்கும் அகராதி ஆக்குதல் வேண்டும்.

முடிவுரை

தமிழ்நாட்டில் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. கோப்பில் தமிழ் இடம்பெற வேண்டும் என்பது அன்றைய தேவை. இன்று முடிவு கோப்பிலன்றித் தரவுத்தளத்தில் உருவாகும்போது, ஆட்சிமொழி என்பதன் பொருளும் விரிகிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்ட முதியவர் ஒருவர் ‘ஏன்’ என்று தமிழில் கேட்கவும், காரணத்தைத் தமக்கு விளங்கும் தமிழில் பெறவும், அக்காரணம் தவறாயின் மறுத்துரைக்கவும் இயலுதல் வேண்டும். இம்மூன்றும் இயலாதவிடத்து, திரையில் தமிழ் எழுத்துகள் தோன்றினாலும் ஆட்சி தமிழில் நடைபெறுகிறது எனக் கொள்ளுதற்கில்லை. அவ்வாட்சியின் சொற்களை ஆராய்வதும், அவற்றை இயற்றியவர் யாரென வினவுவதும் தமிழ்த்துறைகள் ஏற்க வேண்டிய பணிகளாகும்.