தீபாவளிச் செலவும் தறிக்காரர் பிழைப்பும்

தீபாவளியன்று வீடெல்லாம் வெளிச்சம். ஆனால் அது கழிந்த மறுமாதமே அநேகம் வீடுகளின் வாசலில் கடன்காரன் வந்து நிற்கிறான். பண்டிகையின் பெயரால் நடக்கும் இந்த விரயம் எந்தத் தெய்வத்துக்கும் உகந்ததன்று. குடும்பஸ்தர் ஒவ்வொருவரும் கடைவீதிக்குப் புறப்படுமுன் ஒரு தொகையைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு காசும் செலவிடுவதில்லையென்று சங்கற்பம் செய்துகொள்ள வேண்டும்.

அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பது அடுத்த கேள்வி. 1905-ஆம் வருஷம் ஆகஸ்டு 7-ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய ஜனங்கள் அந்நியச் சரக்கைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தார்கள். அதன் ஞாபகமாகவே 2015 முதல் அந்நாள் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. வருஷத்தில் ஒரு நாள் தறியைப் புகழ்ந்துவிட்டு, துணி எடுக்கும் நாளில் அதை மறந்துபோவது என்ன தேசபக்தி? 2019-20 கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள்.

கைத்தறி விலை அதிகமென்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். அது மனிதக் கைகளின் உழைப்புக்குரிய கூலி. மூன்று உருப்படிக்குப் பதில் ஒன்று வாங்கினால் கணக்குச் சரியாகிவிடும். பெண்ணுக்கு வரிசை வைக்கப் பவானி ஜமக்காளமும் பத்தமடைப் பாயும் போதாவா? மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல கைத்தறி வேஷ்டி குறைவா? நெசவாளர் சங்கங்களின் துணியை விற்பதற்கென்றே 1935-இல் ஸ்தாபிக்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது.

ஆனால் ஏமாறலாகாது. ஜமக்காளம் உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் செய்யப்பட்டது. அப்படியிருந்தும் விசைத்தறிச் சரக்கு கைத்தறியென்ற பெயரில் விலைபோகிறது. சட்டம் ஏட்டில் இருந்து பயனில்லை. வாங்குகிறவர் 'கைத்தறி முத்திரை எங்கே?' என்று கேட்டால்தான் அதற்கு உயிருண்டு.

விடுமுறைப் பிரயாணத்துக்கும் இதுவே வழி. மலைவாசஸ்தலங்களில் கூட்டத்தில் நெருங்கிக் கைப்பணத்தை இழப்பானேன்? பவானிக்குப் போங்கள். இரு நதிகள் கூடும் துறையில் ஸ்நானம் செய்து, சங்கமேசுவரரைத் தரிசித்து, ஜமக்காளம் நெய்யும் தறியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். தாம் படுத்துறங்கும் விரிப்பு யாருடைய உழைப்பென்று அவர்கள் கண்ணால் காணட்டும்.

தறிக்காரன் நம்மிடம் தர்மம் கேட்கவில்லை, வேலை கேட்கிறான். அவன் வீட்டிலும் ஒரு விளக்கு எரியும்படி செலவிடுவதே நம் தீபாவளியாகட்டும்.